தம்பிக்கு, ராட்லி வீட்டைப் பத்தி

அன்புள்ள தம்பி,

நல்லா இருக்கியா, தீபாவும் பாப்பாவும் சுகமா இருக்காங்களா. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் பரவாயில்ல, நடக்கத்தான் மாட்டேங்கிறாங்க. பெரியம்மா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கு, அதை எழுதி என்ன ஆகப்போகுது. மிளகாப்பொடியும் நார்த்தங்காயும் வெள்ளிக்கிழமை குடுத்து விடுறேன். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு, லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு சாப்பிடாத.

போன்ல ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், பாப்பா பக்கத்துல பேசிக்கிட்டே இருந்தா, கேக்கல. எழுதினாத்தான் எனக்கு ஒழுங்கா வரும்.

உன் ஷெல்ஃப்ல இருந்து ஹார்ப்பர் லீயோட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எடுத்து இந்த வாரம் திரும்பப் படிச்சேன். நீ ப்ளஸ் ஒன் லீவுல படிச்ச அதே காப்பி, ஓரத்துல எல்லாம் பென்சில்ல கிறுக்கி வச்சிருக்க. அப்போ நீ அந்த கோர்ட் சீனைப் பத்தித்தான் ஓயாம பேசுவ. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கெடுத்தான்னு பொய் கேஸ்ல மாட்டின கறுப்பர் டாம் ராபின்சனுக்கு சின்ன வயசுலயே பஞ்சு மெஷின்ல மாட்டி இடது கை விளங்காமப் போயிருச்சு, அந்தப் பொண்ணுக்கு அடி பட்டதோ முகத்தோட வலது பக்கம், எதிர்ல நின்னு அடிச்சவன் இடது கைக்காரனாத்தான் இருக்கணும், அவ அப்பன் பாப் யூவெல் இடது கைக்காரன், இவ்ளோ தெளிவா இருந்தும் எப்படிம்மா குற்றவாளின்னு சொன்னாங்கன்னு என்கிட்ட சண்டைக்கு வந்த. எனக்கு அன்னைக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா.

இந்தத் தடவை என் மனசு கோர்ட்ல நிக்கல, ராட்லி வீட்டு வாசல்லயே நின்னுடுச்சு. அந்த மேகோம் ஊரு, அலபாமாவுல, 1930கள்ல எல்லாரும் காசில்லாம கஷ்டப்பட்ட காலம். பூ ராட்லிங்கிற ஆர்தர் என்ன பெரிய தப்பு செஞ்சான் சொல்லு, சின்ன வயசுல கூட்டாளிகளோட சேர்ந்து சேட்டை பண்ணினான், மத்த பசங்களை கவர்ன்மெண்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூலுக்கு அனுப்பினாங்க, அதுல ஒருத்தன் இஞ்சினியரிங் காலேஜ் வரைக்கும் போனான், இவனை மட்டும் அவங்க அப்பா நான் பாத்துக்கிறேன்னு வீட்டுக்குள்ள கொண்டு போனார், அப்புறம் பதினஞ்சு வருஷம் யாரும் கண்ணால பாக்கல. அதுக்கப்புறம் ஒரு நாள் கத்தரிக்கோலால அப்பா கால்ல குத்தினான்னு ஒரு கதை. அந்தக் கதைக்கு சாட்சி யாரு? அதே தெரு ஸ்டெஃபனி அம்மா. அந்த அம்மா வாயில இருந்து வந்ததுதான் பாதி. ஆறரை அடி உயரம், அணிலையும் பூனையையும் பச்சையா தின்பான், கை பூரா ரத்தக்கறைன்னு மீதியை பிள்ளைங்க சேத்துக்கிச்சு. பனியில செடி கருகினாலும் இவன் மூச்சு பட்டதுன்னு சொன்னாங்க. அவங்க வீட்டு மரத்துல இருந்து ஸ்கூல் கிரவுண்டுல விழுற பெக்கான் கொட்டையை எந்தப் பிள்ளையும் தொடாது, தின்னா செத்துப்போவாங்களாம்.

அதே ஆளுதான் ஓக் மரப்பொந்துல, டாமுக்காக வாதாடுற வக்கீலோட பிள்ளைங்க ஜெம்முக்கும் அவன் தங்கச்சி ஸ்கவுட்டுக்கும்னு சூயிங் கம் வச்சான், பழைய காசு வச்சான், சோப்புல ஸ்கவுட்டையும் ஜெம்மையும் பொம்மையா செதுக்கி வச்சான், ஓடாத வாட்ச் ஒண்ணு வச்சான். வேலியில மாட்டி கிழிஞ்ச ஜெம்மோட டிரவுசரைக் கோணல்மாணலா தைச்சு மடிச்சு வச்சான். அவன் அண்ணன் வந்து பொந்தை சிமெண்ட் வச்சு அடைச்சுட்டான், மரம் சாகுதுன்னு ஒரு சாக்கு. ஜெம் அன்னைக்கு வாசல்ல தனியா நின்னு அழுதான், ஏன் அழுதான்னு தங்கச்சிக்குப் புரியல. அந்தப் பையன் வளந்தது கோர்ட்லன்னு நாம சொல்லுவோம், எனக்கு என்னமோ அந்த சிமெண்டைப் பாத்த அன்னைக்கே வளந்துட்டான்னு தோணுது.

சரி, சுத்தி வளைக்கல. போன வாரம் நம்ம குரூப்ல நீ ஒரு போட்டோ போட்டிருந்தியே, உங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துல சைட்ல சென்ட்ரிங் வேலை பாக்குற பையன், கேட் ஓரமா நின்னு பிள்ளைங்க விளையாடுறதைப் பாக்குறான், பாப்பாவுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மிட்டாய் குடுத்தான்னு. கீழ 'இவனைப் பாத்தா உஷார், ஷேர் பண்ணுங்க'ன்னு எழுதியிருந்த. உன் சித்தப்பா நாலு குரூப்ல போட்டுட்டேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

பாப்பாவைப் பாத்துக்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. யாரு எது குடுத்தாலும் அம்மா அப்பாகிட்ட காட்டாம வாங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடு, தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, மாமா சித்தப்பாவா இருந்தாலும் சரி. அதை நல்லா கேட்டுக்கோ, தெரிஞ்சவங்களா இருந்தாலும். அந்தக் கதையில பிள்ளைங்களை இருட்டுல கத்தியோட துரத்தினவன் யாரு? பூ ராட்லி இல்ல. ஊருக்கே தெரிஞ்ச பாப் யூவெல். சீசன் இல்லாதப்போ வேட்டையாடினாக்கூட பாவம் பிள்ளைகுட்டிக்காரன்னு ஊரே கண்டுக்காம விட்ட ஆளு. காப்பாத்தி, கை ஒடிஞ்ச ஜெம்மைத் தூக்கிட்டு வந்தவன்தான் இவங்க பயந்த ஆளு.

2018 மே மாசம் உனக்கு ஞாபகம் இருக்கா. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்கு சென்னையில இருந்து கார்ல போன குடும்பம், வழியில பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்த வயசான அம்மா. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்தின புரளியை நம்பி ஊரே சேர்ந்து அடிச்சுது, அந்த அம்மா செத்தே போனாங்க. கோயிலுக்குப் போன நம்மள மாதிரி ஆளுங்கடா. இப்போ உன் சித்தப்பா போட்ட நாலு குரூப்ல யாரு இருக்காங்க, அவங்க எங்க அனுப்பினாங்க, உனக்குத் தெரியுமா. அந்தப் பையனுக்கு நம்ம பாஷை வராது, நாலு பேரு சூழ்ந்துக்கிட்டா நான் அப்படி இல்லன்னு சொல்லக்கூட வாய் வராது. டாம் ராபின்சனுக்காவது ஒரு வக்கீல் நின்னாரு.

அவனுக்கு ஊர்ல பாப்பா வயசுல ஒரு பிள்ளை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், நல்லவனா இல்லாமக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் நான் சொல்றது.

காலேஜ்ல யாரும் ரூம் ஷேர் பண்ண மாட்டேன்னு சொன்ன மணிப்பூர் பையனோட கடைசி வரைக்கும் இருந்தவன் நீ. பொங்கலுக்குக் கூட்டிட்டு வந்து, அவன் முன்னாடி ஆச்சி ஏதோ சொன்னதுக்கு அவங்ககிட்டயே கோவிச்சுக்கிட்ட. அப்படி இருந்த என் பிள்ளை எங்க போச்சு? 2015ல ஹார்ப்பர் லீயோட இன்னொரு புஸ்தகம் வந்துச்சே, 'கோ செட் எ வாட்ச்மேன்', அதுல வளந்த ஸ்கவுட் நியூயார்க்ல இருந்து ஊருக்கு வந்து, அதே கோர்ட் பால்கனியில உக்காந்து கீழ பாக்குறா, கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாதுங்கிறவங்க கூட்டத்துல, டாமுக்காக வாதாடின அதே அவ அப்பா உக்காந்திருக்காரு. அவளுக்குக் குமட்டிக்கிட்டு வருது. அப்பாவைப் பாத்து மகளுக்கு வந்தது. உன் போட்டோவைப் பாத்தப்போ எனக்கு என்ன வந்துச்சுன்னு நான் எழுத விரும்பல.

கோவிச்சுக்காத. வேலை டென்ஷன், ஒத்தப் பிள்ளை, நியூஸ்ல வர்றதைப் பாத்தா யாருக்கும் பயம் வரும்தான், தீபாவும் பயந்திருப்பா. பயப்படாதன்னு சொல்லல. ஜெயில் வாசல்ல டாமை அடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவுல எட்டு வயசு ஸ்கவுட் என்ன செஞ்சா, தெரிஞ்ச முகத்தைத் தேடி கன்னிங்ஹாம்னு பேரைச் சொல்லி, உங்க பையன் என்கூட படிக்கிறான், நான் கேட்டேன்னு சொல்லுங்கன்னா. அவ்ளோதான், அந்த ஆளு குனிஞ்சு அவ தோளைப் பிடிச்சு சரின்னு சொல்லிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு. பாப்பா நாளைக்கு உன்னைப் பாத்துத்தான் கத்துக்கும், யாரைப் பாத்து ஒதுங்கணும்னு நீ காட்டுறியோ அதையேதான் அதுவும் செய்யும்.

ரெண்டு காரியம் செய். போட்டோவை இப்போ எல்லாருக்கும் சேர்த்து அழிக்க முடியாது, நாள் ஆயிடுச்சுன்னு உன் தங்கச்சி சொன்னா. அதனால நீயே குரூப்ல எழுது, விசாரிக்காம போட்டுட்டேன், யாரும் அனுப்பாதீங்க, அனுப்பினவங்களும் அங்க சொல்லிடுங்கன்னு. சித்தப்பாகிட்ட தனியா போன் பண்ணி பேசு, மெசேஜ் மட்டும் போட்டா பாக்க மாட்டாங்க. அப்புறம் சைட் மேஸ்திரிகிட்ட போய் அந்தப் பையன் யாரு, எந்த ஊரு, பேரு என்னன்னு கேளு. அவனையே நேர்ல பாத்துப் பேசு, உனக்குத்தான் இந்தி நல்லா வருமே. பேசின பிறகும் சரியில்லன்னு தோணுச்சுன்னா மேஸ்திரிகிட்டயும் அசோசியேஷன்லயும் சொல்லு, அது முறை.

செஞ்சுட்டு சனிக்கிழமை போன் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா