விளக்கை அணைத்துவிட்டுக் காட்டு

அன்புள்ள சாமுவேல்,

பதில் தாமதம், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாலிபர்களுக்கு வானம் காட்டப்போகிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இயேசு பிறந்தபோது சாஸ்திரிகள் கண்ட பெத்லகேம் நட்சத்திரம் இதுதான் என்று எதையும் அடித்துச் சொல்லாதே. கி.மு. 7இல் வியாழனும் சனியும் மூன்று முறை நெருங்கியது உண்மைதான், வானியலாளர் கெப்லரே கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அப்போதும் நடுவில் ஏறக்குறைய இரண்டு முழுநிலா அகலம் இடைவெளி இருந்தது. ஒரே நட்சத்திரமாகத் தெரிந்திருக்காது. மத்தேயு சுவிசேஷம் சொல்வதோ, முன்னே சென்று பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் வந்து நின்ற நட்சத்திரம். பிள்ளைகளின் விசுவாசத்தை ஊகத்தின்மேல் கட்டாதே.

வேதம் பெயர் சொல்கிறவற்றைக் காட்டு. யோபு 38:31இல் கர்த்தர் கேட்கிற அறுமீனும் (கார்த்திகைக் கூட்டம்) மிருகசீரிஷமும், அதாவது நம் ஓரியன் என்ற வேட்டைக்காரன் கூட்டமும், அந்நேரம் வானத்தில் இருக்கும். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றை முதலில் பிடி. அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரம். மறுபக்கம் நீட்டினால் சிவந்த ரோகிணி, அதையும் தாண்டினால் சின்னக் கொத்தாக அறுமீன். வெறுங்கண்ணுக்கு ஆறுதான், 7×50 பைனாகுலரில் (ஏழு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) டஜன் கணக்கில் தெரியும்.

இடுப்புக்குப் பக்கத்திலேயே மங்கலாக ஒரு சிறு வரிசை இருக்கும். அதன் நடுவில் புகைபோலத் தெரிவது நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொல், இன்னும் விரியும். அங்கே நிறுத்தி சங்கீதம் 8ஐ வாசி. இவற்றை உண்டாக்கினவர் முன்னணையில் கிடந்தார் என்று மட்டும் சொல். வேறு பிரசங்கம் வேண்டாம்.

காரியம் கெடுவது வெளிச்சத்தால்தான். ஆலய விளக்குகளை அணைத்த பிறகு கண் பழக 20–30 நிமிடம் ஆகும். ஒருத்தன் கைபேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடு. பார்க்காத நேரத்தில் பைனாகுலருக்கு மூடி போடு, இல்லாவிட்டால் பனி படியும். படிந்தால் துணியால் தேய்க்காதே, கீறிவிடும். கை நடுங்கினால் படுத்துப் பார்க்கட்டும். பௌர்ணமியை ஒட்டி வந்தால் அந்த மேகம் எடுபடாது, யோபுவோடு நிறுத்திக்கொள். டெலஸ்கோப் வேண்டவே வேண்டாம். வரிசையில் நின்றே குளிர்ந்துபோவார்கள்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று உடனே எழுது. என் பைனாகுலரையும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜெபா