மூணாம் நாள் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்கால கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல ஒரு ஊர்ல தையல் மெஷின் வச்சு பொழைக்கிறவ. பேப்பருக்கு இதுவரைக்கும் ஒரு வரி கூட எழுதினதில்ல, பிழை இருந்தா திருத்திக்கோங்க, ஆனா விஷயத்தை மட்டும் வெட்டிராதீங்க.

என் பொண்ணு காலேஜ்ல முதல் வருஷம் பிகாம் படிக்கிறா. 2024ல இருந்து கேரளாவுல டிகிரி நாலு வருஷமா மாத்தினாங்கல்ல, அதுல மெயின் பாடத்தோட வேற துறை பாடமும் ஒண்ணு எடுத்துப் படிக்கணும். இவ எடுத்தது அடிக்ஷனையும், அதான் குடி, போதைக்கு அடிமையாறதையும், அதுல இருந்து மீண்டு வர்றதையும் பத்தின ஆரம்பப் பாடம். எனக்கு முதல்ல கோவம் தானுங்க வந்துச்சு, கணக்கு படிக்கப் போன பொண்ணுக்கு குடிகாரனைப் பத்தி என்னத்துக்கு பாடம், நாம பாக்காததையா அங்க சொல்லித் தரப் போறாங்கன்னு கேட்டேன். நாம பாத்ததெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கறது ஒரு ராத்திரி அவ நோட்டை எடுத்து படிச்சுக் காட்டினப்ப தான் தெரிஞ்சது.

எங்க அண்ணன் டிராக்டர் ஓட்டிட்டு இருந்தவர். எங்க பக்கம் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், தென்னந்தோப்பு பூரா கள்ளு தான், சித்தூர் கள்ளு தான் பாதி கேரளாவுக்கு போகுது. அண்ணன் கள்ளுல ஆரம்பிச்சு அப்புறம் பிராந்திக்கு போயிட்டாரு. ஒண்ணாம் தேதி கேரளாவுல கடை அடைப்பு, அன்னைக்கு காலைலயே வேலந்தாவளம் தாண்டி டாஸ்மாக் கடை வாசல்ல போய் நிப்பாரு. கடைசி ரெண்டு வருஷம் எந்திரிச்சதும் குடிச்சா தான் கை நிக்கும், இல்லன்னா டீ டம்ளர் கூட பிடிக்க முடியாது. 2014ல ஒரு நாள் அண்ணியும் நானும் எங்க அம்மாவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம், இந்த ஆளை ரூம்ல வச்சு பூட்டிருவோம், நாலு நாள் குடிக்காம இருந்தா தன்னால சரியாயிரும்னு.

முதல் நாள் கத்தினாரு, கெஞ்சினாரு. ரெண்டாம் நாள் வேர்த்து வேர்த்து சட்டை பிழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு ஊத்துச்சு, உடம்பெல்லாம் நடுக்கம், நாங்க விஷம் வெளிய வருதுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டோமுங்க. இதை எழுதறப்ப எனக்கு கை நடுங்குது. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம், சத்து ஊசி ஒண்ணு போட்டு அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் ராத்திரி கட்டில் விரிப்புல இருந்து எறும்பு பொறுக்க ஆரம்பிச்சாரு. எறும்பே இல்ல. ஒண்ணொண்ணா ரெண்டு விரல்ல எடுத்து ஜன்னல் வழியா வெளிய போடறாரு, செத்துப் போன எங்க அப்பாவைக் கூப்பிட்டு வண்டி சாவியைக் கேக்கறாரு. எங்க அம்மா பேய் பிடிச்சிருச்சுன்னு திருநீறு வச்சு விட்டாங்க. விடியக்காத்தால வெட்டு, அதான் வலிப்பு, வந்துச்சு, ஒண்ணு நின்னா இன்னொண்ணு. ஜீப்ல ஏத்திட்டு போறப்ப வழியிலயே முடிஞ்சு போச்சு. அவருக்கு வயசு 41.

குடிச்சுக் குடிச்சு செத்தான்னு தான் ஊர் பூரா பேசுச்சு, நாங்களும் அப்படித்தான் நம்பினோம், இத்தனை வருஷமா.

பொண்ணு அன்னைக்கு படிச்சுக் காட்டின பக்கத்துல என்ன இருந்துச்சு தெரியுங்களா? தினமும் நிறைய குடிக்கிற ஒருத்தர் திடீர்னு நிறுத்தினா ஆறு மணி நேரத்துல இருந்தே நடுக்கம் ஆரம்பிக்கலாம், ரெண்டு நாளைக்குள்ள வெட்டு வரலாம், 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள புத்தி தடுமாறி இல்லாத பூச்சி புழு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆசுபத்திரில வச்சு மருந்து கொடுக்காட்டி உயிரே போயிரலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாதாம், ஆனா எந்திரிச்சதும் குடிச்சா தான் கை நிக்கும்ங்கற நிலைமைல இருக்கறவங்களை டாக்டர் இல்லாம நிறுத்த வைக்கவே கூடாதாம். அவ படிக்க படிக்க எனக்கு அந்த எறும்பு தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஏன் அப்படி ஆகுதுன்னு கேட்டேன். அம்மா, மாமா டிராக்டரையே நினைச்சுக்கோன்னு சொன்னா. சரக்கு மூளையில பிரேக்கை அமுக்கிட்டே இருக்குமாம், வருஷக்கணக்கா பிரேக்கை அமுக்கினா மூளை அதுக்கு ஈடு கொடுக்க ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பழகிருமாம், ஒரே நாள்ல பிரேக்கை விட்டுட்டா வண்டி என்னாகும், அது தான் நடுக்கம், அது தான் வெட்டு. அதனால டாக்டருங்க பிரேக் மாதிரி வேலை செய்யற வேற மருந்தைக் கொடுத்து அதை கொஞ்சங்கொஞ்சமா குறைப்பாங்க, கூடவே பி1 விட்டமின், அதான் தயமின், ஊசியா போடுவாங்க, அதுவும் குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே போடணுமாம். இவ்வளவு தானுங்க. இதை ஒரு மணி நேரத்துல சொல்லிரலாம். ஒரு டிராக்டர் ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு கூட புரியும்.

அந்தப் பாடத்துல இன்னும் நிறைய இருக்கு. வியட்நாம் சண்டைல ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கா பட்டாளத்துக்காரங்களை லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணினாங்களாம், ஊர் திரும்பின முதல் வருஷத்துல 100க்கு சுமார் 5 பேர் தான் மறுபடி அடிமையானாங்களாம், அப்ப போதை மருந்து மட்டும் காரணமில்ல, ஆள் இருக்கற இடமும் கூட இருக்கறவங்களும் கூட காரணம்னு அர்த்தம். அடிக்ஷனைக் கண்டுபிடிக்க 11 அடையாளம் வச்சிருக்காங்க, ஒரு வருஷத்துக்குள்ள அதுல 2 இருந்தாலே லேசா ஆரம்பிச்சிருச்சுன்னு கணக்கு, 6ம் அதுக்கு மேலயும் இருந்தா கடுமை. எங்க அண்ணனுக்கு நான் உக்காந்து விரல் விட்டு எண்ணினேன், 10 வந்துச்சு. அதுல முதல் 2 எப்ப வந்துச்சுன்னு யோசிச்சா அவர் கல்யாணத்துக்கும் முன்னாடியே வந்திருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பொண்ணு கூட சண்டை போட்டேன். நோய் நோய்னு சொன்னா அண்ணியை அடிச்சதும் நோயா, அண்ணி காதுல கிடந்த தோடை வித்ததும் நோயா? அவ அதையே கிளாஸ்ல போய் கேட்டிருக்கா. இந்தப் பழக்கம் முத்திப்போனா நம்ம கட்டுப்பாட்டை மீறிரும், அதுக்காக பண்ணின தப்புக்கு மன்னிப்பு சீட்டு எழுதித் தர முடியாது, அடி வாங்கறவங்க முதல்ல தன்னைக் காப்பாத்திக்கணும்னு மேடம் சொன்னாங்களாம். அந்த பதில் எனக்குப் பிடிச்சுது. ஆள் மறுபடி குடிச்சிட்டாலும் போச்சுன்னு கை விட்டுராதீங்க, சக்கரை, பிரஷர் மாதிரி இதுவும் திரும்ப வரும், திரும்ப வைத்தியம் பாக்கணும்னும் சொல்லியிருக்காங்க. ஒன்பது வருஷமா குடிக்காத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேச வச்சாங்களாம், அவர் நாலு தடவை விட்டு நாலு தடவை விழுந்தவராம். குடிக்கிறவங்க வீட்டாளுகளுக்குன்னே தனியா 1951ல இருந்து அல்-அனான்னு ஒரு அமைப்பு இருக்காம். அண்ணி அந்த மாதிரி ஒரு எடத்துல போய் ஒரு நாளாவது அழுதிருக்கலாம்.

இப்ப நான் எதுக்கு எழுதறேன்னா, இந்தப் பாடம் எடுத்தது அந்த காலேஜ்ல ஒரு கிளாஸ் ரூம் அளவு பசங்க தான். மத்தவங்க வேற பாடத்துக்கு போயிட்டாங்க. கேரளாவுல 23 வயசுக்கு கீழ சரக்கு விக்கக் கூடாது, தமிழ்நாட்டுல 21, ஆனா பாடம் படிக்கிற 18 வயசு பசங்க எத்தனை பேர் ஏற்கனவே தொட்டாச்சுன்னு அந்தந்த அம்மாமாருக்குத் தெரியும். இதை விருப்பம் இருந்தா எடுன்னு விடாம எல்லா பசங்களுக்கும் கொஞ்ச மணி நேரமாவது கட்டாயம் வைங்க. ரெண்டாவது, நோட்ஸ் பூரா இங்கிலீஷ், கிளாஸ் மலையாளம். எங்க பக்கம் வீட்டுல தமிழ் பேசி தமிழ் மீடியத்துல படிச்ச பசங்க நிறைய, என் பொண்ணு ராத்திரி உக்காந்து எனக்காக தமிழ்ல எழுதினா, எல்லா வீட்டுலயும் அப்படி எழுத ஆள் இருக்காது. தமிழ்ல ஒரு பத்துப் பக்கம் அச்சடிச்சு கொடுங்க.

வசதியும் பக்கத்துல இல்லைங்க. எக்ஸைஸ்காரங்க 2016ல விமுக்தின்னு ஆரம்பிச்சு மாவட்டத்துக்கு ஒரு போதை மீட்பு சென்டர் போட்டாங்க, நல்ல காரியம் தான், ஆனா எங்க மாவட்டத்துக்கு அது அட்டப்பாடி கோட்டத்தறைல இருக்கு, மலையேறிப் போகணும், வெட்டு வந்த ஆளை வச்சுக்கிட்டு எப்படிங்க போறது. 2019ல மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குல நாட்டுல குடிக்கு அடிமையானவங்க 38 பேர்ல ஒருத்தருக்கு தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைக்குதுன்னு போட்டிருக்கு. மத்த 37 பேரும் வீட்டுல தான் கிடக்காங்க, அவங்களைப் பாத்துக்கறது எங்களை மாதிரி அக்கா தங்கச்சிங்க தான். போன் பண்ணி கேக்க 14446னு ஒரு நம்பர் இருக்குங்கறது கூட எனக்கு இந்த நோட்டுல தான் தெரிஞ்சது, காசு கிடையாது.

பொண்ணு தமிழ்ல எழுதின அந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எங்க குடும்பஸ்ரீ, அதான் மகளிர் குழு, கூட்டத்துல 14 பேருக்கு கொடுத்தேன். அதுல மூணு பேர் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போற வரைக்கும் நின்னு, தனியா வந்து, எங்க வீட்டுலயும் காலைலயே கை நடுங்குதுக்கா, பூட்டி வைக்கலாம்னு தான் இருந்தோம்னு சொன்னாங்க. அந்த மேடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊருக்கு வந்து தமிழ்ல பேச காலேஜ் அனுமதி கொடுத்தா பஞ்சாயத்து ஹால் சாவியை நானே வாங்கி வைக்கிறேன், ஆளுங்களையும் நானே கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சித்தூர் தாலூக்கா