ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டப் பயணம் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் மேல்நிலை வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலையில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்கிறோம். 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் நினைவகத்தைக் காண்பதே பயணத்தின் நோக்கம். பிள்ளைகளைக் கல்லறைக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வராததால் இக்கடிதம் சற்று நீளமாக அமைந்துவிட்டது.

ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துக் கியூபா மக்கள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த அமெரிக்கர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1898 ஜனவரியில் ஹவானா துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட கப்பல் மெயின். பிப்ரவரி 15ஆம் தேதி இரவு 9.40 மணியளவில் அதன் முன்பகுதியிலிருந்த வெடிமருந்து அறைகள் வெடித்துக் கப்பல் நின்ற இடத்திலேயே மூழ்கியது. சாதாரண மாலுமிகள் உறங்கியது முன்பகுதியில். அதிகாரிகளின் அறைகள் இருந்தது பின்பகுதியில். உயிரிழந்த 260க்கும் மேற்பட்டவர்களில் அதிகாரிகள் இருவர் மட்டுமே என்பதற்கு அதுவே காரணம். மாண்டவர்களில் அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்களும், கறுப்பின மாலுமிகளும், அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறிய ஜப்பானியரும் இருந்தார்கள். வேறொரு மண்ணிலிருந்து இங்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கப்பல் ஏன் வெடித்தது என்பதுதான் மாணவர்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. விசாரணை முடிவதற்கு முன்பே நியூயார்க்கின் பெரிய நாளிதழ்கள் ஸ்பெயின் மீது பழி சுமத்தி எழுதத் தொடங்கிவிட்டன. மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கடற்படையின் விசாரணைக் குழு, கப்பலுக்கு அடியில் வைக்கப்பட்ட கண்ணிவெடியே காரணம் என்றது. அதை வைத்தவர் யார் என்று அக்குழு சொல்லவில்லை. ஸ்பெயின் நடத்திய விசாரணையோ, வெடிப்பு கப்பலுக்கு உள்ளேயே நிகழ்ந்தது என்றது. ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. 1911ஆம் ஆண்டில், மூழ்கிய கப்பலைச் சுற்றி எஃகுத் தடுப்பு எழுப்பி நீரை இறைத்து, சேற்றில் கிடந்த உடைந்த தகடுகளை நேரில் ஆராய்ந்த இரண்டாவது குழுவும் கண்ணிவெடி என்றே முடிவு செய்தது. ஆனால் 1976இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் வெளியிட்ட ஆய்வு, வெடிமருந்து அறையை ஒட்டியிருந்த நிலக்கரிக் கிடங்கில் தானாகப் பற்றிய தீ, இடையிலிருந்த இரும்புச் சுவரைச் சூடேற்றியதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எனவே, "குற்றவாளி இன்னார்" என்று எங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள். ஒவ்வொரு குழுவும் எதைக் கண்டு எந்த முடிவுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லித்தருவார்கள். வீட்டிலும் நீங்கள் அவ்வாறே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறந்தவர்களில் பலர் முதலில் ஹவானாவின் கொலோன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் அவ்வுடல்கள் ஆர்லிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 1899 டிசம்பர் 28 அன்று, அதிபர் மெக்கின்லி முன்னிலையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 1911இல் கப்பலுக்குள் கிடைத்த எச்சங்களும் அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கேயே வந்து சேர்ந்தன. அதே மாதத்தில் எஞ்சிய கப்பல் கூட்டை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்தார்கள். நினைவகம் 1915இல் திறந்துவைக்கப்பட்டது. போர்க்கப்பலின் பீரங்கி மேடையைப் போல வட்டமாகக் கட்டப்பட்ட கல் மண்டபத்தின் நடுவே, கடலிலிருந்து மீட்ட அதே கப்பலின் பாய்மரம் உயர்ந்து நிற்கிறது. மண்டபத்தின் கதவில், வெடிப்பில் சிதைந்த கப்பல் மணியின் ஒரு பாதி பதிக்கப்பட்டுள்ளது. வெளிச்சுவரைச் சுற்றிலும் இறந்தவர்களின் பெயர்களும் அவரவர் செய்த பணியும் செதுக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள கல்லறைகளில் பலவற்றில் பெயர் கிடையாது. யாரென்று அடையாளம் காணப்படாதவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.

நாடு கடந்து வாழ்ந்தபோது அமெரிக்காவில் மறைந்த பிலிப்பைன்ஸ் அதிபர் மானுவேல் கேசோன், போலந்தின் இசைமேதையும் முன்னாள் பிரதமருமான பாதெரெவ்ஸ்கி ஆகியோரின் உடல்களும் தாய்நாடு திரும்பும்வரை இந்த மண்டபத்திலேயே காக்கப்பட்டன. பாதெரெவ்ஸ்கி 1941 முதல் 1992 வரை, அரை நூற்றாண்டு காத்திருந்தார். மெயின் வெடித்ததைத் தொடர்ந்து மூண்ட போரின் விளைவாகவே பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் வசமானது என்பதையும் மாணவர்கள் சேர்த்துப் படிப்பார்கள்.

பயணத்துக்கு முந்தைய வாரம் வகுப்பில் நடுகல் பாடம் நடைபெறும். ஊருக்காக உயிர்விட்டவனின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்து நட்ட மரபை அறிந்த மாணவர், அந்தச் சுவரை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும் அறிவார். ஒவ்வொருவரும் அங்கே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, அவர் செய்த பணியையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். அதிகாரிகளின் பெயர்களை விடுத்து, கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளியவர், சமையல்காரர் போன்றோரைத் தேடுமாறு சொல்லியிருக்கிறேன். வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.

அன்று அங்கே இறுதிச் சடங்குகள் நடைபெறக்கூடும். எனவே பிள்ளைகள் உரக்கப் பேசாமலும், கல்லறைகள் மீது சாயாமலும், உட்காராமலும் இருக்க வேண்டும். நுழைவாயிலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. உடன் வரும் பெரியவர்கள் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையை எடுத்து வர வேண்டும். தண்ணீர் தவிர உணவுப் பொருள் எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. நினைவகம் மேட்டுப் பகுதியில் இருப்பதால் நன்றாக நடக்க வேண்டியிருக்கும். பொருத்தமான காலணி அணிவித்து அனுப்புங்கள். நடப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எனக்கு முன்னதாகவே தெரிவித்தால் வாகன ஏற்பாடு செய்ய முடியும்.

சமய நம்பிக்கை காரணமாகவோ, அண்மையில் வீட்டில் நேர்ந்த துயரம் காரணமாகவோ பிள்ளையை அனுப்ப விரும்பாதவர்கள் ஒப்புதல் படிவத்தில் அதைக் குறிப்பிட்டாலே போதும், காரணம் கேட்கமாட்டோம். அவர்களுக்கு அன்று பள்ளியில் வழக்கமான வகுப்பு நடைபெறும். படிவத்தைக் கையொப்பமிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்