வெள்ளைப் பூச்சைச் சுரண்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய போர் காமிக்ஸ்களின் ஒரிஜினல் ஓவியப் பக்கம் (அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்த தாள்) கைக்கு வந்ததும் பலர் முதலில் அதைச் சுத்தம் செய்யத்தான் பார்க்கிறார்கள். வசனம் எழுதி ஒட்டிய பலூன்களைப் பிய்ப்பது, வெள்ளைத் திருத்தப் பூச்சைச் சுரண்டுவது, ஓரத்து நீலப் பென்சில் குறிப்புகளை அழிப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் அச்சுக்குப் போன பக்கம்தான் என்று சொல்ல அவைதானே சாட்சி!

லண்டனில் 1958-இல் தொடங்கிய வார் பிக்சர் லைப்ரரி, ஸ்காட்லாந்தின் டண்டியில் 1961-இல் தொடங்கிய கமாண்டோ ஆகிய போர் காமிக்ஸ் இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7 அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம், மலிவுத் தாள். தூரிகையின் மெல்லிய கோடுகளில் பாதி அச்சிலேயே அடைபட்டுப் போயின. அதைவிட வருத்தம், அன்றைய இதழ்களில் ஓவியர் பெயரே கிடையாது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற இத்தாலியர் ஹூகோ பிராட்கூட வார் பிக்சர் லைப்ரரிக்குப் பெயரில்லாமல்தான் வரைந்தார். ஆகவே இதழ் எண், பக்க எண், அலுவலக முத்திரை என்று ஓரத்திலும் பின்புறத்திலும் கிடப்பதைக் கொண்டுதான் ஒரு பக்கம் எந்தக் கதையைச் சேர்ந்தது என்று பிடிக்க முடியும். அழித்துவிட்டால் அது அநாதைப் பக்கம்.

போலிகளைப் பிடிப்பதும் இப்படித்தான். 10 மடங்கு லென்ஸில் கோடுகளே ஒழுங்கான புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குமேசையில் வைத்துப் படியெடுத்ததைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அசலில் பெரிய கறுப்புப் பரப்பில் மை திட்டுத்திட்டாக மின்னும். கோட்டுக்கு அடியில் பென்சில் தடம், ஓவியர் மனம் மாறிய இடத்தில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் மறுபடி மை. படியெடுத்தவருக்கு மனம் மாற வேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்கப் பக்கமானால் அளவுகோலே பாதி வேலையைச் செய்துவிடும். சுமார் 1967 வரை அங்கே அச்சளவைப் போல் இரு மடங்காக, ஏறத்தாழ பன்னிரண்டரைக்குப் பதினெட்டரை அங்குலத்தில் வரைந்தார்கள். பிறகு 10-க்கு 15. 1962-ஆம் வருடத்து சார்ஜென்ட் ராக் (அமெரிக்கப் போர் காமிக்ஸ் நாயகன்) பக்கம் என்று 10-க்கு 15-இல் ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

பலூன்களை ஒட்டிய ரப்பர் சொல்யூஷன் காலப்போக்கில் பழுப்பேறிப் பலூன் தானே உதிரும். ஃபெவிகாலும் செலோடேப்பும் வேண்டாம். உதிர்ந்ததை அமிலமற்ற உறையில் போட்டுப் பக்கத்தோடு வைத்து, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கோதுமைப் பசையால் ஒட்டக் கொடுங்கள். அட்டை ஓவியங்களில் பல குவாஷ் என்னும் நீரில் கரையும் வண்ணத்தில் தீட்டியவை. ஈரத்துணி பட்டாலே கரையும், சுருட்டினால் வெடித்து உதிரும்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 50-க்குள் வைத்தால் நல்லது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பி.வி.சி. உறையில் மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலியெஸ்டர் உறைதான் சரி. ஃபிரேம் போட்டால் கண்ணாடி ஓவியத்தில் படாதபடி இடையில் அமிலமற்ற மவுன்ட் அட்டை வேண்டும். பின்னால் ஹார்ட்போர்டு வைக்கவே கூடாது, அதன் அமிலம் தாளில் இறங்கிவிடும். மழை நனைக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பினால், பின்பக்கத்தையும் சாய்வு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
காமிக்ஸ் ஓவிய ஆர்வலர்,
சென்னை