கழற்றி மாட்டும் டாப்பில் சுழலும் நட்டுகள்: புகார்

கோயம்புத்தூர்
12.02.2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஜிப்சி ஜீப்புக்கு நீங்கள் பொருத்திக் கொடுத்த ஃபைபர் ஹார்டு டாப்பின் (கெட்டியான மேற்கூரையின்) போல்ட், நட்டு தொடர்பாக

ஐயா,

2023 ஜூன் மாதம் உங்கள் பட்டறையில் என் பழைய ஜிப்சிக்கு ஃபைபர் டாப் போட்டேன். மழைக்கு மாட்டலாம், வெயில் காலத்தில் கழற்றி வைக்கலாம், இரண்டு பேர் இருந்தால் 15 நிமிட வேலை என்று சொல்லித்தான் விற்றீர்கள். நான் காசு கொடுத்ததும் அந்தக் கழற்றும் வசதிக்குத்தான். நிரந்தர டாப் வேண்டுமென்றால் குறைந்த விலையில் வேறு இடத்திலேயே முடித்திருப்பேன்.

இதுவரை மூன்று முறைதான் கழற்றப் பார்த்தேன். முதல் முறை ஒழுங்காக வந்தது. இரண்டாவது முறை, பின்பக்க போல்ட் ஒன்று சுற்றச் சுற்ற வெளியே வராமல் அப்படியே சுழன்றது. போன மாதம் மூன்றாவது முறை. மொத்தம் 8 போல்ட்டில் 5 அதே கதி. உள்ளே இருக்கும் ரிவெட் நட்டு (தகரத் துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. அதைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் டிங்கர் பட்டறையில் கிரைண்டர் வைத்து போல்ட் தலையை அறுத்துத்தான் டாப்பைத் தூக்கினோம். தீப்பொறி பட்டுப் பக்கத்துப் பெயின்டும் போயிற்று.

வெளியே எடுத்த நட்டுகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லாமே அலுமினியம். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வண்டியின் தகரம் இரும்பு. மூன்று உலோகத்தையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு மழைக்காலம் நனையவிட்டால் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம்தான். மரைக்குள் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளைப் பொடி. போல்ட் அதில் இறுகிப் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு, எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) ரிவெட் நட்டுக்கு 11 மி.மீ. அளவில் துளை போட வேண்டிய இடத்தில் 11.8 வரை இருக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்து நானே அளந்தேன். துளையின் விளிம்பில் ப்ரைமர்கூடத் தடவவில்லை, சுற்றிலும் துரு.

போனில் பேசிய உங்கள் ஆள், "நீங்க ஓவரா டைட் பண்ணியிருப்பீங்க" என்றார். நீங்கள் கொடுத்த விரல் நீள ஆலன் கீயால் எவ்வளவுதான் முறுக்க முடியும்? எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) வைக்க வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்றும் என்னிடம் தரவில்லையே. உண்மையில் எனக்குப் பயம் எதிர்ப்பக்கம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டாப் கடகடவென்று ஆடியது. அன்றைக்கே சில நட்டு பிடி விட்டிருக்க வேண்டும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை கழற்றும் டாப்புக்கு மரை எஃகில் இருக்க வேண்டும். கை போகும் 6 இடத்தில் 3 மி.மீ. தகட்டில் நட்டை வெல்டு செய்து அடியில் வைத்திருக்கலாம். பெட்டிபோல் மூடியிருக்கும் 2 இடத்தில் அறுகோணத் துளை போட்டு, அதே வடிவ ஸ்டீல் ரிவெட் நட்டு வைத்தால் சுழலாது. டாப்பின் துளைகளிலும் ஸ்டீல் புஷ் (துளைக்குள் வைக்கும் சின்னக் குழல்) வேண்டும். இப்போது போல்ட் நேராக ஃபைபரை நசுக்கி, இரண்டு துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. நீங்கள் வைத்த சின்ன வாஷர் அதற்குப் பத்தாது.

ஆகவே நான் கேட்பது: மேலே சொன்ன முறையில் எட்டு இடத்தையும் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். துரு நீக்கிப் பெயின்ட் அடிக்க வேண்டும். விரிசலைச் சரிசெய்ய வேண்டும். டிங்கர் பட்டறைக்குக் கொடுத்த 1,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அதே அலுமினிய நட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிப் போடுகிறேன் என்றால் சம்மதமில்லை. துளைதான் இன்னும் பெரிதாகும்.

15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், படங்கள், அறுத்த போல்ட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

வண்டி தார்ப்பாய் போட்டு ஷெட்டில் நிற்கிறது. சனி, ஞாயிறில் வீட்டில் இருப்பேன். ஆள் அனுப்புவதானால் முந்தின நாள் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்