மார்ட்டினா, டெய்லரா?

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வுபெற்ற கையோடு நல்ல கிட்டார் ஒன்று வாங்க முடிவு செய்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். மார்ட்டினா, டெய்லரா, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மார்ட்டின் டி-28, டெய்லர் 814சிஇ ஆகிய அந்த இரண்டு கிட்டார்களையும் ஒரே அறையில், ஒரே மாலையில், மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். பின்பலகையும் பக்கங்களும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். மரம் ஒன்றாக இருந்தும், உடலின் அளவும் மேற்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சட்டங்களின் அமைப்பும் வேறுபடுவதால், இரண்டும் இருவேறு குரல்களில் பேசுகின்றன. டி-28இல் ஜி கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரத்தொகுதியை, பிக் எனும் மீட்டும் வில்லையால் ஒருமுறை வருடினால், ஆறாவது கம்பியின் தாழ்ந்த ஒலி முதலில் எழுந்து, மற்றக் கம்பிகளைத் தன்மேல் தாங்கிக்கொண்டு நெடுநேரம் கார்வையாய் நிற்கிறது. டெய்லரிலோ ஆறு கம்பிகளும் தனித்தனியே தெளிவாகக் கேட்கின்றன. 2018இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த வி வடிவச் சட்டங்களின் பயனாக, கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதற்கு அப்பாலும் சுருதி விலகுவதாக என் காதுக்குத் தோன்றவில்லை. விரல்களால் மீட்டுவோருக்கு அதுவே உகந்தது.

வாசிக்க எளிது டெய்லர்தான். எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே அழுத்த வேண்டிய சிரமம் அதில் குறைவு. ஆனால் உடலின்மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைச் சற்றே இழைத்துக் கம்பியின் உயரத்தைக் குறைத்துக்கொள்ள எந்தக் கிட்டாரிலும் வழியுண்டு. குரலை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே காதுக்குப் பிடித்ததையே நீ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாடிக்கொண்டே வாசிக்கும் உனக்கு, கேட்டிருந்த இரண்டில் மார்ட்டினே பொருத்தம்.

எனினும், பணம் கட்டுவதற்கு முன் கிப்சன் ஜே-45 என்னும் கிட்டாரையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார். அதன் கம்பியில் அதிரும் பகுதியின் நீளம் 24.75 அங்குலம்; டி-28இல் 25.4. நீளம் குறைவதால் இழுவிசை குறைகிறது. விரல் நுனி வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு இது இதமாக இருக்கும். அதன் பின்பலகையும் பக்கங்களுமான மஹோகனி மரத்தின் அடக்கமான ஒலி பாடுபவரின் குரலுக்கும் இடம் விடும். வாசித்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
செல்வம்