பழைய ஜிப்சி வாங்கியிருக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான்கு சக்கரமும் இழுக்கும் மாருதி ஜிப்சி வீட்டு வாசலில் நிற்கிறது என்று அக்கா போனில் சொன்னபோது எனக்கே வண்டி வாங்கியது போல இருந்தது. நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். 2008 மாடலுக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், மேலே லைட் என்று நீ எழுதியிருந்த பட்டியலை மட்டும் மூன்று மாதம் தள்ளி வை. முதல் செலவு வண்டிக்கு அடியில் ஆகட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? என் முதல் ஜீப்பை விற்றவர் "ஆயில் எல்லாம் இப்போதான் மாத்தினது" என்றார். நம்பினேன். என்ஜின் ஆயிலை மாற்றியிருந்தார், அது உண்மை. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகச் சொட்டிச் சொட்டி, போடிமெட்டு மலைப்பாதை ஏறும்போது உள்ளே சொட்டு ஆயில் இல்லை. பேரிங் கத்த ஆரம்பித்ததும் நிறுத்தினேன், ஆனாலும் பிரித்து வேலை பார்க்க வேண்டியதாகிவிட்டது. ஆயில் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு போனது.

அதனால் பழைய கணக்கை மறந்துவிடு. உன் மீட்டரில் இன்று என்ன காட்டுகிறதோ அதைத் தொடக்கமாக ஒரு நோட்டில் எழுதிக்கொள். சாதாரணக் காரில் என்ஜின், கியர் பாக்ஸ் என்று இரண்டு இடத்தில் ஆயில் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஜிப்சியில் ஐந்து இடம்: என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி. ஐந்து ஆயிலையும் மாற்று. மெக்கானிக் கீழே இருக்கும் டிரெய்ன் போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன், மேலே ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றச் சொல். பல வருடம் தொடாமல் இருந்தால் அது இறுகிப் போயிருக்கும். ஆயிலை இறக்கிவிட்டு மேல் போல்ட் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இறங்கும் ஆயிலை நீயே பக்கத்தில் நின்று பார். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் இருசு) ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. ஆக்சில் மேல் இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்திருந்தால், அந்த இழுப்புக்குச் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். ஆயிலில் மெல்லிய கரும்பசை போல இரும்புத் தூள் வந்தால் பயப்படாதே, துண்டு துண்டாக வந்தால் பிரித்தே ஆக வேண்டும். கியர் பாக்ஸுக்கு டின்னில் ஜி.எல். 4 என்று தரம் போட்ட ஆயில், டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல். 5. ஒரே டின்னை எல்லாவற்றுக்கும் ஊற்ற விடாதே. ஜி.எல். 5-இல் சேர்க்கும் கந்தக மருந்து கியர் பாக்ஸில் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றிவிடு. பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், மலை இறக்கத்தில் சூடேறினால் கொதித்து, பெடல் மெத்தை மாதிரி உள்ளே போகும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்று.

கிரீஸ் கன் ஒன்று சொந்தமாக வாங்கு. ஜிப்சியில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி, நடுவில் விசையைக் கடத்தும் ஒரு குட்டி ஷாஃப்ட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்து மூன்று ஷாஃப்ட், இரு முனையிலும் ஒவ்வொன்றாக ஆறு ஜாயிண்ட். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும் இடமெல்லாம் புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும் வரை அடி. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங் பின் பேரிங். அதைக் கவனிக்காவிட்டால் ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் உதறும்.

இனி முக்கியமானது. ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்த்தாயா? பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் விடவும் சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப்; இரண்டு ஹப்பையும் லாக்கில் வை. என்ஜினை அணைத்து, 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, முதல் கியரில் விடு. ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அது சும்மா நின்றால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. பல வருடம் லாக் செய்யாமல் ஃப்ரீயிலேயே கிடந்த ஹப்புகள் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகிவிடும்.

மாதம் ஒருமுறையாவது மண் ரோட்டில் ஹப்பை லாக் செய்து 4எச்சில் சில கிலோமீட்டர் ஓட்டு. அப்போதுதான் முன் டிஃபரன்ஷியலில் ஆயில் எல்லாப் பல்லிலும் ஏறும், சீலும் காயாது. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் 4எச் போடவே போடாதே. இந்த வண்டியில் முன், பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அந்த முறுக்கு ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறும். 4எச் லீவர் திரும்ப வராமல் பிடித்துக்கொண்டால் முரட்டுத்தனமாக இழுக்காதே, நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடு, விட்டுவிடும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டியதும் இதனால்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019-இன் 24-ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பூ நன்றாக இருந்தாலும் வயதைப் பார்.

அப்புறம், வண்டியின் அடிச்சட்டமான சேஸியைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போ, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களில் கூடுதலாக. கணீரென்று கேட்டால் சரி. மொத்தை ஒலி கேட்டால் துரு தின்றிருக்கிறது, வெல்டிங் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஏலத்தோட்டத்துக்கு முதல் தடவை போவதற்குள் இவ்வளவும் முடிந்துவிட வேண்டும். ஆயில் மாற்றும் நாளை முன்கூட்டியே சொல், காலையிலேயே வந்துவிடுகிறேன். அந்த ஐந்து ஆயிலையும் நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா